முந்நூற்றிருபது பேருக்கு ஒரு தொண்டை

அந்தச் செருப்புத் தொழிற்சாலையின் கேன்டீனில் தினமும் முந்நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். இரண்டு வருடமாக அத்தனை பேரும் ஒரே ஒரு ஆளின் தொண்டைக்குத் தோதாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தொண்டைக்குச் சொந்தக்காரரான தலைமைச் சமையல்காரருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கூழ் மாஸ்டர். வயது ஐம்பத்து மூன்று, கரண்டி பிடித்து முப்பது வருடம். தன் சமையலை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஒப்புக்கொள்ளாதவர்களை மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

கேன்டீனுக்கு ஒரு சட்டம் உண்டு. மாஸ்டர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு ஒருநாள், கெட்டுப்போன எதையோ தின்று பாதித் தொழிற்சாலை கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றதாம். அன்றைக்குப் பிறந்த சட்டம் அது. தினமும் பதினொன்றரை மணிக்கு, அன்றைய சமையல் அத்தனையிலும் ஒரு பங்கு வைத்து, தலைமைச் சமையல்காரர் ஒரு முழுத் தட்டு சாப்பிட வேண்டும். தொழிலாளர் உணவுக்குழுவின் ஆள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். சமையல்காரர் அதுவரை சாயாமல் இருந்தால் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து, மணியடிப்பு, சாப்பாடு. தட்டை அவர் வேண்டாம் என்று தள்ளினால் அன்றைய சாப்பாடு மொத்தமும் குப்பைக்குப் போகும். இதற்கு மாதிரித் தட்டு என்று பெயர். நிர்வாகத்தின் தாராள மனசைப் பாருங்கள், முந்நூற்றிருபது உயிரைக் காப்பாற்ற ஒரே ஒரு உயிரைத்தான் பணயம் வைத்தார்கள்.

எதிரே உட்கார்ந்து பார்க்கிறவன் வேறு யாருமில்லை, மாஸ்டரின் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. செருப்பின் அடிப்பாகம் வெட்டும் பிரிவில் வேலை, உணவுக்குழுவுக்குத் தலைவர். அக்கா புருஷன் சாப்பிடுவதைத் தினமும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் மாதிரித் தட்டில் இருந்த இறைச்சித் துண்டு ஒன்று மாஸ்டரின் நெஞ்சுக்கு நடுவே போய் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் மனசு வந்து இறங்கியது. “கேஸு” என்றார் மாஸ்டர், மச்சினன் கேட்காமலேயே. அடுத்த வாரம் ரொட்டி நின்றது. அதுவும் கேஸ்தான். பதினைந்து வருடமாக அவருக்குப் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உண்டு. அதற்குப் பதினைந்து வருடமாக ஒரே வைத்தியம், ஒரு சிட்டிகை சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கி மடக்கென்று குடிப்பது. இப்போது இரண்டு சிட்டிகை ஆக்கிக்கொண்டார். முடிந்தது வைத்தியம்.

டாக்டரிடம் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகலாம்தான். மாஸ்டரின் அண்ணனும் இப்படித்தான் சாப்பாடு இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த வியாதி என்றார்கள். எட்டே மாதத்தில் ஆள் போய்ச்சேர்ந்துவிட்டார். அண்ணனைக் கொன்றது வியாதி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் என்று மாஸ்டருக்குள் எங்கோ ஒரு கணக்கு. போகாதவரைக்கும் வியாதி இல்லை. பேரைச் சொல்லாதவரைக்கும் அது வராது. படிக்காதவர் என்று நினைக்காதீர்கள், தினமும் இரண்டு பத்திரிகை படிக்கிறவர்.

அதனால் தொண்டையை விட்டுவிட்டுச் சமையலைத் திருத்தினார். அரிசி முதலில் ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தது. பிறகு பத்து. பிறகு கரண்டியால் ஒரு மசியல். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாம் அடுப்பில் ஏறும்போது இருந்த முகம் மறந்து ஒன்றாகிப்போயின. இறைச்சியை மூன்று தடவை அரைக்கச் சொன்னார். ரொட்டி பாலில் ஊறியே மேசைக்கு வந்தது. இதெல்லாம் தன் தொண்டைக்காக என்று அவர் சத்தியமாக நினைக்கவில்லை. வயதாக ஆகத் தன் கைக்குப் பக்குவம் கூடிவருகிறது என்று நினைத்தார்.

“வாயில வெச்சா கரையணும். அதுதான் சமையல். கடிச்சுத் தின்ன நாம என்ன ஆடா மாடா?” என்று காய் வெட்டும் அக்காவிடம் சொல்வார்.

அந்த அக்கா உதவிச் சமையல்காரி. மாஸ்டரைவிட இரண்டு வயது மூத்தவள், எந்தக் காயையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவில் நறுக்குகிறவள். தான் அளவெடுத்து நறுக்குவதெல்லாம் ஒரு மணி நேரத்தில் சுவடில்லாமல் போவதை இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தக் கேன்டீனில் யாராவது பல்லுக்கு வேலை கொடுத்தார்கள் என்றால் அவள் மட்டும்தான்.

தொழிலாளர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனு எழுதினார்கள். எழுதியது மச்சினன். சங்கத்துப் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “எங்களில் பெரும்பாலோருக்கு முப்பத்திரண்டு பற்கள் உள்ளன. அவை கடந்த இரண்டு ஆண்டுகளாக வேலையின்றி வாடுகின்றன. அவற்றுக்கு உடனடியாகப் பணி வழங்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.” கீழே இருநூற்றுத் தொண்ணூற்றாறு கையெழுத்து.

மாஸ்டர் மனுவைப் படித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உங்க அக்கா கையால சாப்பிட்டு வளந்தவன்தானே நீ. ருசின்னா என்னன்னு உனக்கு எங்க தெரியும்?” என்றார்.

“மாமா, நீங்களே சொல்லுங்க, நேத்து போட்டது சோறா, கஞ்சியா?”

“சோறு.”

“அதை நாங்க ஸ்பூன்ல அள்ளல மாமா, ஊத்துனோம்.”

மேனேஜர் நியாயமான மனிதர். அதாவது, எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் நியாயம் இருக்கும் என்று நம்புகிறவர். புதன்கிழமை வறுத்த இறைச்சியும் ஊறாத ரொட்டியும் என்று உத்தரவு போட்டார். சமைப்பது காய் வெட்டும் அக்கா. மாஸ்டர் அடுப்புப் பக்கம் வரவேண்டாம், மாதிரித் தட்டை மட்டும் சாப்பிட்டால் போதும். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மாஸ்டர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க யோசித்தார். லீவு போடலாம், பயந்துவிட்டான் என்பார்கள். தட்டைத் தள்ளலாம், முந்நூற்றிருபது பேரின் சாப்பாடு குப்பைக்குப் போகும். சமைத்ததைக் குப்பையில் கொட்டுவதை மட்டும் அவரால் தாங்கமுடியாது. தொண்டையில் கோளாறு என்று உண்மையைச் சொல்லலாம். அதை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்கு மேனேஜர், மச்சினன், குழுவில் நான்கு பேர் சுற்றி உட்கார, மாஸ்டர் சாப்பிட ஆரம்பித்தார். முதல் துண்டை மெல்லுமெல்லென்று மென்று, தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தி இறக்கிவிட்டார். இறைச்சி நன்றாக இருந்தது, அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். அந்த எரிச்சலில் இரண்டாவது துண்டைக் கொஞ்சம் அவசரமாக விழுங்கினார். அது போய் நின்றது.

தண்ணீர் குடித்தார். தண்ணீரும் நின்றது. எழுந்து போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூச்சு வந்தது, போனது. மற்றபடி எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. வாயைத் திறந்தால் வழிந்துவிடும் என்பதால் கைக்குட்டையை உதட்டில் ஒற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் பிடிக்காமல் வந்த சம்பந்தி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“எப்படி மாஸ்டர் இருக்கு?” என்றார் மேனேஜர்.

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“பாத்தீங்களா, பேச்சே வரல. அவ்வளவு ருசி. மீதிய மெதுவா சாப்பிடட்டும்” என்றார் மேனேஜர் குழுவைப் பார்த்து.

அரைமணி நேரம் அப்படியே ஓடியது. சட்டப்படி மாஸ்டர் சாயவில்லை. பதிவேட்டில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மணி அடித்தது. முந்நூற்றிருபது பேர் இரண்டு வருடத்தில் முதன்முறையாகக் கடித்துச் சாப்பிட்டார்கள். அந்தக் கூடமெங்கும் மெல்லுகிற சத்தம். பின்கட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் எச்சிலைத் துப்பித் துப்பி நின்றார். காய் வெட்டும் அக்காதான் பார்த்தாள். அவள் ஓடிப்போய் மச்சினனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். வாயில் இறைச்சியோடு வந்தவனுக்கு மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் மென்றது இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். பேச்சில் இனிப்பு காரம் எதுவும் கிடையாது.

“சாப்பாடு இறங்காம எத்தனை நாளா இருக்கு?”

மாஸ்டர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு விரலைக் காட்டினார். இன்றைக்கு ஒரு நாள்தான்.

“ரெண்டு வருஷம்” என்றது வாசலில் ஒரு குரல். மனைவி வந்து நின்றாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை அவளுக்கு, சத்தம் போடாமல் இருப்பதே தொழில். “ரெண்டு வருஷமும் ரெண்டு மாசமும். பதினாலு கிலோ எறங்கியிருக்காரு. பேன்ட்டை நான்தான் பிடிச்சுத் தைக்கறேன்.”

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்று இருந்தவர், வீட்டில் ஒருத்தியை ஒருநாளும் ஏமாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டு, நின்றுபோன துண்டை எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். உணவுக்குழாய் மேலே நன்றாகத்தான் இருந்தது. அடியில், வயிற்றுக்குச் சற்று மேலே, ஒரு பென்சில் போகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“அந்த எடத்துல கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் தண்ணியா இருக்கறது மட்டும் குடிங்க.”

“எதுக்கு டெஸ்ட்?” என்றார் மாஸ்டர்.

“நீங்க எதை நெனச்சு ரெண்டு வருஷம் வராம இருந்தீங்களோ, அதுக்குத்தான்.”

அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். மச்சினன் பழச்சாறோடு வந்து, “மாமா, அந்த மனுவ நான் எழுதியிருக்கக் கூடாது” என்றான். பத்து வருடமாக ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாதவன் ஒப்புக்கொண்டதும் மாஸ்டருக்குப் பகீரென்றது. சரி, நம் கதை முடிந்துவிட்டது என்று தீர்மானித்தார். தூங்கவில்லை. தான் செத்தால் கேன்டீனில் என்ன நடக்கும் என்று யோசித்தார். காய் வெட்டும் அக்கா சமைக்கிறாள், எல்லாரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறார்கள் என்று மச்சினன் வாய் தவறிச் சொல்லியிருந்தான். சாவைவிட அது அதிகமாகச் சுட்டது. மனைவி என்ன ஆவாள் என்று யோசிக்க அவருக்கு அந்த வாரம் நேரம் கிடைக்கவில்லை. அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், சூப்பை வடிகட்டி வைத்தாள். கல்லு மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ரிசல்ட் வந்தது. அந்த வியாதி இல்லை.

டாக்டர் அதைச் சொன்னபோது மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். மனைவி அழவில்லை. “அப்ப ஏன் சுருங்குச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“நெஞ்செரிச்சலுக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“சோடா உப்பு. ஒரு சிட்டிகைதான், பதினஞ்சு வருஷமா.”

“எரிச்சல அடக்குனா போதும்னு நெனச்சிருக்கீங்க. வயித்துல இருக்கற அமிலம் தெனமும் மேல வந்து குழாயைச் சுட்டுக்கிட்டே இருந்திருக்கு. புண்ணு ஆறி, தழும்பாகி, இறுகிப்போச்சு. பலூன் வெச்சு விரிச்சு விட்டுடலாம். அமிலத்துக்கு மாத்திரை தர்றேன், அத நிறுத்தாம சாப்பிடணும்.”

“பலூனா?”

“ஆமா. சின்னப் பிள்ளைங்க ஊதறது இல்ல.”

இரண்டு நாள் கழித்துக் காலையில் வெறும் வயிற்றோடு போனார். தொண்டையில் மரத்துப்போக மருந்து அடித்தார்கள். கையில் ஊசி போட்டார்கள், இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள், பல்லுக்கு நடுவே ஒரு வளையம். பாதி மயக்கத்தில் நெஞ்சுக்குள் யாரோ மெதுவாக முழங்கையால் இடம் பிடிப்பதுபோல் இருந்தது. குறுகிய இடத்தில் சுருட்டிய பலூனை வைத்து, தண்ணீரால் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு நிமிடம் பிடித்து, இறக்கி, பிறகு இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். பதினைந்து வருடம் செய்துகொண்ட கேட்டைக் கால்மணி நேரத்தில் சரிக்கட்டிவிட்டு, டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

“ஒரேயடியா முழுசா விரிக்க முடியாது, கிழிஞ்சிடும். மூணு வாரம் கழிச்சு, வர்ற பதினாறாம் தேதி, மறுபடியும் வாங்க. நல்லா இருக்குன்னு தோணினாலும் வரணும். தழும்பு திரும்ப இறுகும். நெஞ்சு வலி, காய்ச்சல் எது வந்தாலும் அன்னைக்கே வாங்க. கேஸுன்னு வீட்டுல உக்காந்துக்காதீங்க.”

சாயங்காலம் தண்ணீர் குடித்தார். போய்ச் சேர்ந்த சுவடே தெரியாமல் போனது. அடுத்த நாள் கஞ்சி. ஐந்தாம் நாள் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து மென்று விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வேலைக்குப் போனார். நடையைப் பார்க்க வேண்டுமே, உணவுக்குழாயை அவரே கண்டுபிடித்துப் பொருத்தியதுபோல.

போன முதல் வேலையாக, தன் பக்குவத்தில் ஒரு சின்னப் பாத்திரம் சோறும் காயும் வைத்தார். காய் வெட்டும் அக்காவுக்குப் பாடம் எடுக்கத்தான். கரண்டியில் எடுத்து வாயில் போட்டார். தொண்டை இப்போது தொந்தரவு செய்யாததால் நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்து, அது தன் வேலையைப் பார்த்தது. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இதையா ரெண்டு வருஷம் போட்டேன்?”

“ஆமா மாஸ்டர்.”

“சொல்லியிருக்கலாமே.”

“இருநூத்தித் தொண்ணூத்தாறு பேரு கையெழுத்துப் போட்டுச் சொன்னாங்க.”

அன்றிலிருந்து அரிசி அரிசியாக வெந்தது. ஒரு வாரத்தில் அதுவும் தன் கண்டுபிடிப்பு என்று ஆக்கிக்கொண்டார். “கடிக்கணும். பல்லுக்கு வேலை வேணும். கரையறதெல்லாம் ஒரு சமையலா?” மச்சினன் எதிரே உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

பதினாறாம் தேதி நெருங்கியது. மாஸ்டருக்கு ஆஸ்பத்திரி ஞாபகமே கசந்தது. இறைச்சி இறங்குகிறது, ரொட்டி இறங்குகிறது, பின்னே எதற்கு மறுபடியும் குழாயும் பலூனும்.

“நல்லா இருக்கறவன் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா? அவங்களுக்கு ஆள் வேணும், கூப்பிடத்தான் செய்வாங்க” என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

மனைவி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். ரிசல்ட் வந்த நாளிலிருந்தே அவள் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். பிழைத்து வந்தவனிடம் என்ன கோபம் என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. சமாதானம் செய்ய அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, “இன்னைக்கு நீ உக்காரு, நான் சமைக்கறேன்” என்று வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ.

வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருக்கும்போது, சமையல் பாதியில் கேஸ் தீர்ந்துவிடுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. தீர்ந்திருக்க வேண்டிய நாள்தான். குனிந்து சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. புதுசு. பழையது பின்வாசல் ஓரத்தில் மூடி போட்டு நின்றது.

அந்த வீட்டில் சிலிண்டர் மாற்றுவது எப்போதும் அவர்தான். அவளுக்கு அதைத் தொடவே பயம். கேஸ் தீர்ந்தால் அவர் வேலையிலிருந்து வரும்வரை பச்சைத் தண்ணீர்தான் குடிப்பாள்.

“சிலிண்டர் யாரு மாத்துனது?”

“நான்தான்.”

“நீயா? எப்ப?”

“ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தோமே, அந்த வியாழக்கிழமை.”

“தீர்ந்துடுச்சா?”

“தீரல. பாதி இருந்துச்சு.” அவள் வாசற்படியில் நின்றபடி தரையைப் பார்த்துச் சொன்னாள். “பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட்டுக் கழட்டச் சொல்லிக் கத்துக்கிட்டேன். நீங்க உள்ள படுத்திருந்தீங்க. மூணு தடவ கழட்டி மாட்டுனேன், கை நடுங்காம வர்ற வரைக்கும். அன்னைக்கே புதுசையும் மாட்டிட்டேன்.”

“என்னக் கேட்டிருந்தா நான் மாத்தித் தந்திருப்பேனே. எதுக்கு இப்ப இதெல்லாம் கத்துக்கிட்டு...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயம் கருகும் வாசனை வந்தது. அவர் அடுப்பை அணைத்தார். ஒரு வாரம் முழுக்கத் தான் படுத்துக்கொண்டு கேன்டீனைப் பற்றிக் கவலைப்பட்டதும், சுவருக்கு அந்தப் பக்கம், அவர் இல்லாத நாளுக்காக, அவள் நின்று சிலிண்டரைக் கழற்றியதும் மாட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவருக்கு நெஞ்சை அடைத்தது. சத்தியமாக அது கேஸ் இல்லை.

“நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்” என்றார்.

“என்னன்னு?”

“பதினாறாம் தேதி லீவுன்னு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல.”

“நானும் வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்து, கருகிய வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, வேறு வெங்காயம் எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.